பாட்டியின் 'அம்மன் காசு': துர்க்கையா, பாலகிருஷ்ணனா?

காட்பாடிப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொன் காசைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் எங்கள் பாட்டி தவறிப்போனார். தாத்தா இருக்கும்போதே சுமங்கலியாகப் போனவர். அவர் தாலிச்சரட்டில் இரண்டு குண்டுக்கு நடுவே ஒரு காசு கோத்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, ஆனால் கையில் வைத்தால் கனம் தெரிகிறது. மேலே ஒரு வளையம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் உட்கார்ந்த உருவம். ஒரு முழங்கால் மடங்கி உயர்ந்திருக்கிறது, ஒரு கையில் உருண்டையாக ஏதோ இருக்கிறது. தோளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னங்கள், சுற்றிலும் சிறு சிறு மணிகள். மறுபக்கம் மூன்று வரி எழுத்து, வரிக்கு வரி நடுவில் கோடு. எழுத்து தமிழ் இல்லை.

பாட்டி அதை 'அம்மன் காசு' என்றுதான் சொல்வார். ஆடி வெள்ளிக்குச் சரட்டில் மஞ்சள் பூசும்போது காசின் முகத்தில் மட்டும் விரலைச் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பார். படைவீட்டு ரேணுகாம்பாளே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வேலூர் லாங்கு பஜாரில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது அம்மன் இல்லம்மா, கிருஷ்ணர். பழைய பொன். உருக்கினால் பெண்ணுக்குக் கம்மல் வரும்" என்றார். அண்ணன் உருக்கிவிடலாம் என்கிறான். அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறாள். எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: பாட்டி 60 வருஷம் கும்பிட்டது யாரை?

உரைகல்

அம்மா, நான் 40 வருஷம் பத்தர் வேலை பார்த்தவன். இப்போது கண் சரியில்லாமல் விட்டுவிட்டேன். முதலில் சொல்கிறேன், உருக்காதீர்கள். புளி, பூந்திக்கொட்டை, சோப்பு எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். கடையில் உரைத்துப் பார்க்கவும் கொடுக்காதீர்கள், கோடு விழும்.

நம்பிக்கையான இடத்தில் எடை மட்டும் போடுங்கள். வளையம் இல்லாமல் 3 கிராம் 400 மில்லிக்கு அருகில் வந்தால் அது முழு வராகன், அதாவது விஜயநகர ராஜாக்கள் காலத்துப் பொன் காசு. அதில் பாதி வந்தால் அரை வராகன். எடை வெகுவாகத் தள்ளிப்போனால் அது நகைக்கென்று பின்னால் வார்த்த போலி. இந்தக் காசுகளை வார்ப்பதில்லை, அச்சு வைத்து அடிப்பார்கள். அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக எழும். வார்த்ததில் எல்லாம் வழவழவென்று மழுங்கியிருக்கும், சில சமயம் ஊசி குத்தினாற்போல் துளைகளும் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கோட்டை அகழி

நீங்கள் சொல்லும் அமைப்பு எனக்குப் பழக்கமானது. உட்கார்ந்த உருவம், கையில் உருண்டை, இரண்டு பக்கமும் சங்கு சக்கரம், பின்னால் மூன்று வரி நாகரி, அதாவது இந்திக்கு இருக்கிற எழுத்து என்றால் அது கிருஷ்ணதேவராயரின் வராகன். உருண்டை வெண்ணெய். உட்கார்ந்திருப்பது பாலகிருஷ்ணன்.

அதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் ஒரிசாவை ஆண்ட கஜபதிகளிடமிருந்து உதயகிரிக் கோட்டையை 1514இல் பிடித்தார். அங்கே இருந்த பாலகிருஷ்ணன் சிலையைத் தன் தலைநகருக்கு எடுத்துவந்து, அதற்கென்றே ஒரு கோயில் எழுப்பி 1515இல் பிரதிஷ்டை செய்தார். ஹம்பியில் கிருஷ்ணன் கோயில் என்று காட்டுகிறார்களே, அதுதான். அந்தச் சிலை இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போனால் கட்டாயம் பாருங்கள். கருவறைக்குள் இருந்த அந்தக் குழந்தைதான் காசிலும் வந்து உட்கார்ந்தது. கோயிலுக்குப் போக முடியாதவன் கைக்கும் காசு போனது. ஒரு ராஜா தன் வெற்றியையும் தன் சாமியையும் சேர்த்து ஊருக்கெல்லாம் காட்ட இதைவிட நல்ல வழி அந்தக் காலத்தில் இல்லை.

விஜயநகரப் பொன் காசுகளை வரிசையாக வைத்தாலே அரசர்களின் மனது எங்கே போனது என்று தெரியும். முதலாம் ஹரிஹரர், புக்கர் காசுகளில் அனுமன். இரண்டாம் ஹரிஹரர் காசில் உமாமகேஸ்வரரும் உண்டு, லட்சுமிநரசிம்மரும் உண்டு. ஒரே அரசர், இரண்டு சமயமும். தேவராயர்கள் உமாமகேஸ்வரரைத் தொடர்ந்தார்கள். கிருஷ்ணதேவராயருக்குப் பிறகு அச்சுதராயர் கண்டபேருண்டப் பறவையைக் கொண்டுவந்தார். இரண்டு தலை, அலகிலும் காலிலும் யானைகள். ஒரு பொத்தான் அகலத்தில் அத்தனை யானையையும் எப்படிச் செதுக்கினானோ அந்த அச்சு வெட்டியவன்! தலைக்கோட்டைப் போருக்குப் பின் வந்த திருமலைராயர் காசில் ராமரும் சீதையும் உட்கார்ந்திருக்க, லட்சுமணன் பக்கத்தில் நிற்பான்.

ஆரணிக்காரன்

கோட்டை அகழி அண்ணா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு நிமிஷம். சங்கு சக்கரம் இருந்தால் உடனே கிருஷ்ணன் என்று எப்படி முடிவு கட்டுவது? நம்மூர் சிவன் கோயில்களில் வடக்குக் கோஷ்டத்தில், அதுதான் வெளிச்சுவர் மாடத்தில், நிற்கிற துர்க்கை கையைப் பாருங்கள். சங்கும் சக்கரமும்தான். விஷ்ணு துர்க்கை என்று சும்மாவா சொல்கிறோம்?

இன்னொன்று. இதே உருவம் போட்ட காசுக்கு 'துர்கி வராகன்' என்று பழைய பெயர் உண்டு. சந்தையில் கைமாற்றிய ஜனங்கள் வைத்த பெயர் அது. அவர்கள் கண்ணுக்கு அம்மனாகத் தெரிந்ததால்தானே அப்படிச் சொன்னார்கள்? பாட்டி சொன்னதைத் தவறு என்று ஒரே வரியில் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோட்டை அகழி

ஆரணித் தம்பி, கோஷ்டத்துத் துர்க்கையைக் கொண்டுவந்தது நல்ல கேள்வி. ஆனால் அவள் எருமைத்தலை மேல் நிற்பாள். இங்கே உருவம் சம்மணத்துக்கும் தவழ்தலுக்கும் நடுவில், குழந்தைகள் தரையில் உட்காருமே, அப்படி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் அந்த உருண்டை. துர்க்கை கையில் வெண்ணெய்க்கு என்ன வேலை?

'துர்கி' என்ற பெயரைப் பொறுத்தவரை, அது சித்திரதுர்க்கத்தோடு ஒட்டிய பெயர். அங்கே இருந்த நாயக்கர்கள் பிற்காலத்தில் கிருஷ்ணதேவராயர் காசை அப்படியே பார்த்து அடித்தார்கள். துர்க்கத்துக் காசு துர்கி ஆயிற்று. பார்த்து அடித்து, அதைப் பார்த்து இன்னொருவர் அடித்து, குழந்தையின் முகம் மூன்று புள்ளியாகிவிட்டது, எழுத்தும் கோணல் மாணல் கோடாகிவிட்டது. அந்த நிலையில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக, காட்பாடித் தங்கை காசின் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தெளிவாக இருந்தால் ராயர் காசு, குழம்பியிருந்தால் துர்க்கத்துக் காசு.

குடியாத்தம் தறி

நடுவில் வருகிறேன். நான் காசு சேர்ப்பவன் இல்லை, படிக்க மட்டும் செய்வேன். எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். சாமி படத்தைப் போய்க் காசில் போடலாமா? காசு கறிக்கடைக்கும் போகும், கள்ளுக்கடைக்கும் போகும், காலில் மிதியும் படும். சோழர் காசைப் பாருங்கள். ராஜராஜன், ராஜேந்திரன் பொன்னில் புலி, இரண்டு மீன், வில். முழுக்கக் குலச்சின்னம். அவ்வளவு பெரிய கோயில் கட்டியவன் காசில் சிவனை உட்கார வைக்கவில்லையே!

உரைகல்

தம்பி, பொன் காசு கள்ளுக்கடைக்குப் போகாது. ஒரு வராகனை மாற்றினால் கைகொள்ளாத செப்புக்காசு கிடைக்கும். கூலியும் காய்கறியும் செம்பில் நடந்தது. வராகன் வரி கட்டவும், நிலம் வாங்கவும், கோயிலுக்குக் கொடுக்கவும், பெண்ணுக்குச் சீர் செய்யவும்தான் வெளியே வரும். 'பணம்' என்ற சொல்லே ஒரு பொன் காசின் பெயர். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு கிராம், மீன் செதிள் மாதிரி இருக்கும். விரலால் எடுத்தால் நகத்துக்குள் போய்விடும். திருவிதாங்கூரில் இப்படிப்பட்ட குட்டிக் காசுகளை எண்ணுவதற்கென்றே குழி போட்ட பலகை வைத்திருந்தார்கள். காசுகளைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும்.

நாட்டு மருந்துக்கடையில் 'வராகனெடை', 'பணவெடை' என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதை இன்றும் பார்க்கலாம். காசு போயிற்று, எடை நிற்கிறது.

ஆரணிக்காரன்

குடியாத்தம் அண்ணா கேட்டது எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அடையபலம், அப்பைய தீட்சிதர் பிறந்த ஊர். வேலூர்க் கோட்டையில் ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்தார். சிவார்க்கமணிதீபிகை எழுதி முடித்ததற்காகத் தலைமேல் பொன்னைச் சொரிந்தார். அடையபலம் காலகண்டேஸ்வரர் கோயிலில் 1582ஆம் வருஷத்துக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. சிறுவயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. 'பொன் மழை பெய்த கதை இதில் இருக்குடா' என்றார் அப்பா.

இப்போது யோசித்துப் பாருங்கள். சிவபக்தர் ஒருவர், தீவிரச் சைவ நூல் எழுதியவர். அவர் காலத்தில் கையில் புழங்கிய பொன்னில் பாலகிருஷ்ணனும் இருந்தான், ராமனும் இருந்தான், பழைய உமாமகேஸ்வரரும் இருந்தார். யாரும் பொறுக்கிப் பிரித்துப் புழங்கவில்லை. சைவக் காசு, வைணவக் காசு என்று தனித்தனிப் பை கிடையாது.

கோட்டை அகழி

அருமை தம்பி. கனகாபிஷேகம் என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். உதயகிரியிலிருந்து திரும்பும் வழியில், 1514 ஜூலையில், கிருஷ்ணதேவராயர் திருமலையில் 30,000 பொன் காசுகளால் வேங்கடவனுக்கு அபிஷேகம் செய்தார். அதுவும் கல்வெட்டில் இருக்கிறது.

இந்த வேங்கடவன் பிறகு நம்ம வேலூருக்கே வந்தார், காசின் மேல் ஏறி. பெனுகொண்டா, சந்திரகிரி என்று தலைநகர் தெற்கே நகர்ந்து நகர்ந்து, இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் வேலூர்க் கோட்டையும் ராஜதானி ஆயிற்று. அவர் வராகனில் தோரணத்துக்குக் கீழே வேங்கடேசர் நின்றகோலத்தில் இருப்பார். பின்பக்கம் 'ஸ்ரீ வேங்கடேஸ்வராய நம:' என்று மட்டும் இருக்கும். இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முன்னே பலரும் 'ஸ்ரீ பிரதாப' என்று தொடங்கித் தன் பெயரைப் போட்டார்கள். இவர் தன் பெயரை எடுத்துவிட்டார், சாமிக்கு வணக்கம் மட்டும் வைத்தார். ஹம்பி கையைவிட்டுப் போய், ஊர் ஊராக மாறிய ஒரு வம்சம், காசையே சாமியின் பெயரில் அடிக்கிறது. முந்தைய ராயர்கள் சாசனத்தின் கீழே 'ஸ்ரீ விரூபாக்ஷ' என்றுதான் கையெழுத்திடுவார்கள். இவர் காலச் சாசனங்களில் 'ஸ்ரீ வேங்கடேச' என்று வருகிறது. எனக்கு இந்தக் காசுதான் எல்லாவற்றிலும் நெருக்கமானது. திருப்பதியும் சந்திரகிரியும் 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை வட ஆற்காட்டில்தான் இருந்தன. ஆக அது முழுக்க நம்ம சீமைக் காசு.

குடியாத்தம் தறி

அப்படியானால் சாமியைப் போடுவது பக்திக்காக மட்டும்தானா? ஆற்காட்டு நவாப் காலத்திலும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்திலும் விஷ்ணு உருவம் போட்ட வராகன் வந்தது என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன பக்தி?

கோட்டை அகழி

அதுதான் இதில் மிக முக்கியமான இடம்.

காசை வாங்குகிறவன் முதலில் பார்ப்பது பழகிய முகத்தை. முகம் பழகியிருந்தால் உரைகல்லைத் தேடமாட்டான். கும்பினிக்காரர்கள் 1639இல் வந்தவாசி நாயக்கரிடம் இடம் வாங்கியபோதே காசடிக்கும் உரிமையையும் சேர்த்து வாங்கினார்கள். வந்தவாசியும் நம்ம பக்கம்தான். சென்னைக் கோட்டையில் அவர்கள் அடித்த 'மூன்று சுவாமி' வராகனில் பெருமாள் நடுவில், இரண்டு தேவியர் இரண்டு பக்கம். பின்னால் வந்த நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் மணல் தூவினாற்போல் புள்ளிகளும் நடுவில் ஒரு நட்சத்திரமும். ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் ரூபாய் வரும் வரை மதராஸ் கணக்கெல்லாம் அதில்தான்.

ஐதர் அலியின் வராகனை இன்னும் கவனிக்க வேண்டும். இக்கேரி நாயக்கர்களை ஜெயித்தார், ஆனால் அவர்கள் காசிலிருந்த சிவனையும் பார்வதியையும் அப்படியே விட்டுவைத்தார். பின்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டார். ஆற்காட்டைப் பிடித்தவர், 1782 டிசம்பரில் சித்தூர் பக்கத்துப் பாசறையில் உயிர்விட்டவர், அந்த ஐதர். அவர் மகன் திப்பு உருவங்களை எடுத்துவிட்டு எழுத்து மட்டும் போட்டார், தகப்பன் எழுத்தை விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தீர்மானம்.

இது தெற்கின் வழக்கம் மட்டும் இல்லை. திரிபுரிக் கலசூரி அரசர் காங்கேயதேவர் 11ஆம் நூற்றாண்டில் நான்கு கை லட்சுமி உட்கார்ந்த பொன் காசு அடித்தார். காகடவாலர்களும் சந்தேலர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். வடக்கைப் பிடித்த கோரி முகமதுவும் அந்த லட்சுமியை நீக்கவில்லை. பின்னால் நாகரியில் தன் பெயரைப் பொறித்தார், அவ்வளவுதான். ஆனால் அக்பர் 1604 வாக்கில் ராமரும் சீதையும் நடந்துபோவதுபோல் அடித்த அரை மொகர் என்ற பொன் காசைச் சந்தைக்காக என்று சொல்ல முடியாது. அங்கே மனசு இருக்கிறது. அதனால் பக்தியா வியாபாரமா என்று ஒரே பதில் கிடையாது. காசுக்குக் காசு பார்க்கவேண்டும்.

உரைகல்

என் பங்குக்கு ஒன்று. பழைய காசுமாலைகளில் வெனிஸ் நாட்டுப் பொன் காசு வரும், மூன்றரை கிராம், சொக்கத் தங்கம். ஒரு பக்கம் அவர்கள் மார்க் என்ற புனிதர் கையிலிருந்து அவர்களுடைய தலைவர் மண்டியிட்டுக் கொடிக்கம்பத்தை வாங்குவார். மறுபக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவில் ஏசுநாதர். அந்தக் கம்பம் நம் ஆட்களுக்குப் பனைமரமாகத் தெரிந்தது, இரண்டு பக்கமும் மரமேறுகிறவர்கள். 'சாணார் காசு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் ஆசான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ரொம்ப நாள் கழித்துத்தான் அது ஏசு என்று தெரியும்.

ஆகவே காட்பாடி அம்மா, உங்கள் பாட்டி கிருஷ்ணனை அம்மனாகப் பார்த்ததில் குற்றமே இல்லை. தேய்ந்த பொன்னில் கண் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். ஆனால் எழுத்து பொய் சொல்லாது. எடை போட்டீர்களா?

காட்பாடிப் பொண்ணு

போட்டேன் ஐயா. வளையத்தோடு 3 கிராம் 610 மில்லி. இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. அண்ணனையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன்.

வளையத்தை எடுத்துவிட்டால் எடை சரியாகத் தெரியுமா? எழுத்தும் அதற்கு அடியில் கொஞ்சம் மறைந்திருக்கிறது. விற்பது சட்டப்படி குற்றமா என்றும் அம்மா கேட்கிறாள். விற்கப்போவதில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

உரைகல்

வளையத்தைத் தொடவே தொடாதீர்கள். எடுக்கவேண்டும் என்றால் ஊதுகுழல் வைத்துச் சூடு காட்டவேண்டும், பற்றவைத்த பொடி உருகி ஓடும்போது ஓரத்து மணிகளும் சேர்ந்து இளகிவிடும். அந்த மணிகள் போனால் காசு செத்தது. வளையத்துக்கு 200 மில்லி கழித்தால் கணக்கு வந்துவிட்டது. முழு வராகன்தான்.

கோட்டை அகழி

சட்டத்தைப் பொறுத்தவரை, வீட்டில் வழிவழியாக வந்த காசை வைத்திருப்பதில் ஒன்றும் இல்லை. நூறு வருஷம் தாண்டிய காசு 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தில் வரும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் கதை வேறு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எழுத்துக்கு ஒரு யோசனை. காசைப் படுக்கவைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நேராக அடித்தால் பொன் பளபளக்கும், எழுத்து தெரியாது. சாய்வாக அடித்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழும். ராயர் காசாக இருந்தால் முதல் வரி 'ஸ்ரீ ப்ர', இரண்டாவது 'தாப க்ருஷ்ண', மூன்றாவது 'ராய' என்று வரும்.

காட்பாடிப் பொண்ணு

இரவு கரண்ட் போயிருந்தது. அதுவே நல்லதாகப் போயிற்று. அம்மா செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள், நான் பூதக்கண்ணாடி வைத்தேன், இந்தி தெரிந்த என் பெண் எழுத்துக் கூட்டினாள். முதலில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, வளையம் மேலே இருக்கும்படி பிடித்தால் எழுத்து தலைகீழாக இருக்கிறது!

கோட்டை அகழி

ஆமாம், கையால் அடித்த காசில் முன்பக்கமும் பின்பக்கமும் நேராக நிற்கவேண்டும் என்பதில்லை. உருவத்துக்கு ஏற்றபடி வளையம் வைத்திருக்கிறார்கள். சொல்லுங்கள், என்ன தெரிகிறது?

காட்பாடிப் பொண்ணு

திருப்பிப் பிடித்ததும் இரண்டாவது வரி தெளிவாகத் தெரிகிறது. முதலில் 'தா', அப்புறம் 'ப', அப்புறம் 'க்ரு', கடைசியில் 'ஷ்ண'. மேல் வரியில் 'ஸ்ரீ' நன்றாக இருக்கிறது. கீழ் வரி வளையத்துப் பொடிக்கு அடியில் போய்விட்டது, 'ரா'வின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

முன்பக்கத்தில் முகம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. கண், மூக்கு ஒன்றும் இல்லை. பாட்டியின் விரல் போன இடம் அது. வெண்ணெய் உருண்டை மட்டும் அப்படியே எழுந்து நிற்கிறது.

அண்ணன் உருக்குவதைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை. அம்மா அதைத் திரும்பச் சரட்டில் கோக்காமல் ஒரு குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து எடுத்துவைத்திருக்கிறாள். ஆடி வெள்ளிக்கு எடுப்பதா, கோகுலாஷ்டமிக்கு எடுப்பதா என்று கேட்டேன். "ரெண்டுக்கும்" என்றாள்.